செருப்புத் தைப்பவர் அளித்த விருந்து

உலகைச் சுற்றிவரப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பார் பலர். சிக்கனமே போதும் என்பார் சிலர். இரு சாராரும் விருந்தோம்புவோரை மறந்துவிடுகின்றனர்.

1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், மொராக்கோவின் தான்ஜியர் நகரை விட்டுத் தனியே புறப்பட்டவர் இப்னு பதூதா. 1330களின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியிலுள்ள அன்தாலியாவில், பழைய ஆடை உடுத்திய ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்தார். இவ்வேழைக்கு நாம் சுமையாகலாமா என்று அவர் தயங்க, மொழிபெயர்த்தவர் நகைத்தாராம். அழைத்தவர் செருப்புத் தைப்பவர். ஏறத்தாழ இருநூறு தொழிலாளரைக் கொண்ட ‘அகீ’ சகோதரக் குழுவின் தலைவர்! பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை மாலையில் ஒன்றுதிரட்டி, வழிப்போக்கர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தவர்கள் அவர்கள்.

இன்று ஐரோப்பா செல்ல விழையும் நம் மாணவர் முதலில் வங்கி இருப்பைக் காட்ட வேண்டும். 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. சிக்கனத்தை அங்கே யார் மதிக்கிறார்கள்? எனவே, நேபாளத்திலிருந்து தொடங்குக என்பேன். விசா வேண்டா, வாக்காளர் அட்டையே போதும். ரக்சோல் வரை ரயில்; எல்லையைக் கடந்தால் பீர்கஞ்ச்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: பிறநாட்டிலிருந்து குறைந்த பணத்துடன் நம்மூர் வரும் மாணவப் பயணியர்க்கென ஓர் அறையேனும் ஒதுக்கித் தாருங்கள்.