காய்ச்சலின் வம்சாவளி

2012ஆம் ஆண்டில் திருநெல்வேலி ஜில்லாவை வாட்டிய டெங்குக் காய்ச்சலை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று தென்காசி ஜில்லாவில் அடங்கிய கடையநல்லூரில் அதன் கொடுமை மிகுதி. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேர் பீடிக்கப்பட்டு 66 பேர் மாண்டனர் என்பது சர்க்கார் கணக்கு. வீட்டுத் தொட்டியிலும் அண்டாவிலும் சேமித்த நீரில் கொசு பெருகிற்று. ஜனங்களின் அசிரத்தையே காரணம் என்றனர் சிலர். தாமிரபரணி பாயும் சீமையில் ஜனங்கள் ஏன் குடத்தில் நீரைக் காத்துவைக்க நேர்ந்தது என்று அவர்கள் கேட்டாரில்லை.

கொசு எந்நாளும் உள்ளது. அவ்வாண்டில் நோய் ஏன் அவ்வளவு மூண்டது? புனா தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்ததில், டெங்கு முதல் வகையின் பழைய மரபு வழங்கிவந்த தென்னிந்தியாவில், ஆசிய மரபு என்னும் வேறொன்று புகுந்திருந்தமை வெளியாயிற்று. டெங்கு வைரஸின் மரபுத் தொடர் ஏறக்குறைய 10,700 எழுத்துக்களாலானது. அது பெருகுந்தோறும் நகலில் பிழை விழும். இரண்டு பத்திர நகல்களில் ஒரே பிழையைக் காணும் வக்கீல், இரண்டுக்கும் மூலம் ஒன்றென்று துணிவதுபோல, விஞ்ஞானிகள் நோயின் வம்சாவளியை எழுதிவிடுகின்றனர்.

ஆயின் அவ்வாராய்ச்சி அச்சேறியது 2017இல்! பிணம் வெந்தபின் நாடி பார்த்த கதை இது. விஞ்ஞானிகளை நாம் நோகவில்லை. அவசரமாகச் சொல்லும் ஏற்பாடு நாட்டில் இல்லாமையையே நோகிறோம். கொரோனாக் காலத்திலும் நம் மாதிரிகள் பெங்களூர் சென்று காத்துக் கிடந்தன. 2021 செப்டம்பர் 14ந் தேதி சென்னையில் மாகாண சர்க்காரே ஒரு மரபணுக்கூடம் திறந்தது போற்றத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் ஓமிக்ரானை உடனே கண்டு உலகுக்கு உரைத்த தென்னாப்பிரிக்காவுக்கு வல்லரசுகள் அளித்த சன்மானம், விமானங்களைத் தடுத்ததே. அது வேறு விஷயம்.

எழுத்தைப் படிப்பதால் கொசு சாகாது. ஆனால் ஒரு வகை டெங்கு கண்ட ஊரில் மற்றொரு வகை வந்தால் நோய் கடுமையாகக்கூடும். முன்னறிந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கையும் மருந்தும் ஆயத்தமாயிருக்கும். ஆகவே, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் காய்ச்சல்காரரின் இரத்த மாதிரிகளில் ஒரு பங்கை வாரந்தோறும் வாசித்து, பதினைந்து நாட்களுக்குள் முடிவை முனிசிபாலிடிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் தமிழில் அறிவிக்க வேண்டுமென்று சுகாதார மந்திரியைக் கேட்கிறோம். செலவுக் கணக்குக் கேட்பாராயின், 2012இன் 66 பெயர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும்.