காட்டுப்பள்ளியும் மல்வித்தையும்

சீன தேசத்து ஹாங்சௌ நகரில் 2023-ம் வருஷம் நடந்தேறிய ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் இந்தியா 107 பதக்கங்களைப் பெற்றது. அதற்கு முன் எந்த ஆசியப் பந்தயத்திலும் நாம் நூறை எட்டியதில்லை. அப்பெருமையைச் சிறிதும் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆயினும், ஜூ-ஜிட்ஸு என்னும் மல்வித்தைப் பந்தயத்தில் நம்மவர் களத்தில் இறங்கி வெறுங்கையுடனேயே திரும்பினர். அதே களத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாதர் இருவர், மெகி ஒச்சோவாவும் ஆனி ராமிரெஸும், ஆளுக்கொரு தங்கம் வென்றனர். அப்பந்தயங்களில் அந்நாடு பெற்ற தங்கங்கள் மொத்தமே நான்கு. அவற்றில் பாதி இவ்வித்தையினால் வந்தது.

இவ்வித்தை ஜப்பானியருடையது. இதனைச் சீர்திருத்தியே ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவை வகுத்தார். 1997-ல் பின்லாந்து நாட்டின் லாத்தி நகரில் நடந்த உலக விளையாட்டுக்களிலும், 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயங்களிலும் இது முதன்முதல் இடம்பெற்றது. ஆசியப் பந்தயத்து ஆட்டத்தில் குத்துமில்லை, உதையுமில்லை. எதிராளியைக் கீழே தள்ளினால் இரண்டு புள்ளி; அவருடைய கால்களின் காவலைக் கடந்தால் மூன்று; மேலேறி அமர்ந்தால் நான்கு. கழுத்தையோ மூட்டையோ பூட்டிவிட்டால், அகப்பட்டவர் கையால் தட்டிப் பணிவார். ஆட்டம் அக்கணமே முடியும். ஆறு நிமிஷத்துக்குள் அடங்கும் இப்போரில் பருத்த தேகத்தைக் காட்டிலும் பிடியின் உறுதியும் நிதான புத்தியுமே வெல்கின்றன.

அந்நிய வித்தை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆமூர் மல்லனோடு பொருத பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடியிருக்கிறது. மாமல்லன் என்று பட்டம் பூண்ட பல்லவ மன்னன் ஆண்ட நாடு இது. மற்போர் நமக்குப் புதிதன்று. சுதேசியம் என்பது ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமன்று. மகாகவி தாகூர் 1929-ல் ஷின்ஸோ தகாகாகி என்னும் ஜப்பானிய ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார்; அங்கே பெண்மக்களும் அவ்வித்தையைப் பயின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? வெள்ளையர் கொணர்ந்த குத்துச்சண்டையை இராயபுரத்து வாலிபர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் சொத்தாகவே ஆக்கிக்கொள்ளவில்லையா?

இராயபுரத்தினின்று அதே கரையோரமாக வடக்கே சென்றால் திருவொற்றியூர், எண்ணூர், அப்பால் காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளமும், சரக்குத் துறைமுகமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அவ்வூரில் எழுந்துள்ளன. அத்தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தார் தம் இருப்பிடத்தைப் பெயர்த்துக்கொண்டு போக நேர்ந்தது. கயிறும் வலையும் இழுத்துப் பழகிய கைகள் அவர்களுடையவை. ஆனால் பிடிபலம் மட்டும் பதக்கம் தந்துவிடாது. விரிப்பு வேண்டும், ஆசிரியர் வேண்டும், அன்றாடப் பயிற்சி வேண்டும். அபுதாபியில் 2008-ல் பள்ளிக்கூடங்களிலேயே இவ்வித்தையைப் போதிக்கத் தொடங்கினர். பத்து வருஷங்களில் ஜகார்த்தாவில் ஐக்கிய அரபு அமீரகம் தங்கம் வென்றது. முறையாக விதைத்தவர்கள் முறையாக அறுத்தார்கள். இதில் மாயமொன்றுமில்லை.

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, பெரிய கம்பெனிகள் முந்திய மூன்று வருஷங்களின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கே முதலிடம் தரவேண்டுமென்றும் அப்பிரிவு கூறுகிறது. ஒலிம்பிக் விளையாட்டுக்களுக்கான பயிற்சி ஏழாவது அட்டவணையில் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜூ-ஜிட்ஸு ஒலிம்பிக்கில் இல்லையே என்று யாரேனும் தடை எழுப்புவாராயின், ஜூடோ இருக்கிறது என்பதே நமது விடை. ஒரே விரிப்பு இரண்டுக்கும் உதவும். துறைமுகத்தாரும் தொழிலதிபர்களும் கூடம் எழுப்பட்டும்; தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆசிரியரை நியமிக்கட்டும்; குப்பத்துச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் கட்டணமின்றிக் கதவு திறந்திருக்கட்டும்.

வயிற்றுப் பிழைப்புக்கே வழி தேடும் மக்களுக்கு மல்வித்தையா என்ற கேள்வி நியாயமானது. வேலையும், தூய ஆறும், மீன்பிடிக்கும் உரிமையும் முதலில் வேண்டியவையே. அவற்றுக்கு மாற்றாக நாம் இக்கூடத்தைக் கேட்கவில்லை. "கூடம் கட்டிக் கொடுத்தோம், இனி வாய் திறவாதீர்" என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. இது தருமமன்று, கடன். கரையைக் கொடுத்தவர்களுக்கு அக்கரையின் செல்வம் பட்டிருக்கும் பழங்கடன்.

2026-ம் வருஷத்து ஆசியப் பந்தயங்களுக்குக் குறித்த இடம் இவ்வித்தை பிறந்த ஜப்பான் மண். அதற்குள் காட்டுப்பள்ளியிலிருந்து வீரர் புறப்படுவார் என்று நாம் கனவு காணவில்லை. பத்து வருஷத்துக்குப் பின் ஒருவராவது புறப்பட வேண்டுமாயின், விரிப்பை இவ்வருஷமே விரித்தாக வேண்டும். சம்பந்தப்பட்டோர் செவிசாய்ப்பார்களா?