ஸ்கூபா கருவிகள்: ஆன்லைனில் விலை கம்மி, ஆனால் கடலுக்குள் யார் பொறுப்பு? விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களுக்கு முழு விளக்கம்

புதுச்சேரிக்குப் போனால் ராக் பீச்சில் ஒரு நடை, பாரடைஸ் பீச்சில் ஒரு குளியல் என்று முடித்துக்கொண்ட காலம் மாறி வருகிறது. கடலுக்கு அடியில் மூச்சு விட்டபடியே மீன்களைப் பார்த்துவிட்டு வரும் ஸ்கூபா டைவிங், இப்போது பலரின் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது.

விழுப்புரத்தில் இருந்தும் சரி, திண்டிவனத்தில் இருந்தும் சரி, புதுச்சேரி சுமார் 40 கி.மீ.தான். ஒருநாள் அனுபவத்துக்காகப் போகிறவர்களில் சிலர், ஆர்வம் பிடித்து முறையான பயிற்சியும் முடிக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கேள்வி: சொந்தமாகக் கருவி வாங்கலாமா? வாங்குவதென்றால் ஆன்லைனிலா, கடையிலா?

செல்போனில் தேடினால் மாஸ்க்கில் இருந்து ரெகுலேட்டர் வரை எல்லாமே கிடைக்கிறது. விலையும் பல நேரம் கம்மி. ஆனால் இது சட்டையோ ஹெட்செட்டோ இல்லை. கடலுக்கு அடியில் 15 மீட்டரில் கோளாறு செய்தால் 'ரிட்டர்ன்' பட்டனை அழுத்த முடியாது. அதனால் விலையோடு சேர்த்து, பொருளுக்கு யார் பொறுப்பு என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்கூபா கிட்டில் என்னவெல்லாம் இருக்கும்?

முதலில் ஒரு பொதுவான தவறான நம்பிக்கை. முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி நிரப்புகிறார்கள். அந்த அழுத்தம் சாதாரணமானது இல்லை. காருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை காற்று பிடிப்போம். ஸ்கூபா சிலிண்டரில் சுமார் 3,000 பி.எஸ்.ஐ. அதாவது கார் டயரைவிட ஏறத்தாழ 90 மடங்கு.

இந்த அழுத்தத்தைக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் வாய்க்குக் காற்றைத் தருவதுதான் ரெகுலேட்டர். 1943-ல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் இருவரும் இதன் நவீன வடிவத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டின் பெயர் பி.சி.டி. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு எச்சரிப்பது டைவ் கம்ப்யூட்டர். இவை போக மாஸ்க், கால் துடுப்பு, ஸ்நார்க்கெல், உடலை ஒட்டிய வெட்சூட்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு வளிமண்டல அழுத்தம் கூடும். பி.ஏ.டி.ஐ. என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்கு அனுமதிக்கப்படும் ஆழம் 18 மீட்டர். அங்கே அழுத்தம் தரையில் இருப்பதைவிட 2.8 மடங்கு. இத்தனையையும் தாங்கித்தான் கருவி வேலை செய்ய வேண்டும்.

'லோக்கல் கடை' எங்கே இருக்கிறது?

விழுப்புரம் நேருஜி வீதியிலோ திண்டிவனம் கடைத்தெருவிலோ விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனால் கிரிக்கெட் பேட், ஷட்டில் ராக்கெட், அதிகபட்சம் நீச்சல் கண்ணாடி கிடைக்கும். ரெகுலேட்டர் கேட்டால் கேஸ் அடுப்புக்கா என்று திருப்பிக் கேட்பார்கள்.

எனவே இந்தப் பகுதி மக்களுக்கு லோக்கல் கடை என்பது புதுச்சேரியில் உள்ள டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் போன்ற பயிற்சி மையங்கள்தான். அதை விட்டால் சென்னை. இத்தகைய மையங்கள் வெறும் கடைகள் அல்ல என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பயிற்சி, படகு, வாடகைக் கருவி, காற்று நிரப்புவது, சர்வீஸ், விற்பனை என்று எல்லாம் சேர்ந்து ஓடினால்தான் ஒரு டைவ் மையம் தாக்குப்பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வங்கக் கடல் கொந்தளிக்கும். கடலில் இறங்க முடியாத நாட்களிலும் வாடகை, சம்பளம், படகுப் பராமரிப்பு நிற்காது. கருவி விற்பனையில் வரும் லாபம் அந்த நாட்களுக்குக் கைகொடுக்கும்.

ஆன்லைனில் ஏன் விலை கம்மி?

காரணம் எளிமையானது. பெரிய ஆன்லைன் விற்பனையாளர் மொத்தமாக வாங்குகிறார், பல ஊர்களுக்கு விற்கிறார். கடைக்காரர் 2 மாஸ்க், 1 ரெகுலேட்டர் என்று இருப்பு வைக்கிறார். விற்காமல் கிடந்தால் அவர் முதலீடு முடங்கும்.

இந்தியாவில் விற்கும் தரமான டைவிங் கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதிதான். எனவே சுங்க வரி, ஜி.எஸ்.டி., சரக்குக் கட்டணம் எல்லாம் கடை விலையில் சேர்ந்தே இருக்கும். வெளிநாட்டு இணையதளத்தில் தெரியும் விலையில் அவை சேர்ந்திருக்காது. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து "பாதி விலைக்குக் கிடைக்குது" என்று சந்தோஷப்படுகிறவர்கள், பார்சல் வந்து கட்டணச் சீட்டு நீட்டப்படும்போதுதான் முழு விலையைப் பார்க்கிறார்கள்.

கடைகள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. மாடல்கள் குறைவு. தன்னிடம் இருப்பதையே "இதுதான் உங்களுக்கு செட் ஆகும்" என்று தள்ளிவிடும் பழக்கம் எல்லா வியாபாரத்திலும் உண்டு. நாலு இடத்தில் விலை ஒப்பிட்டுப் பார்க்க ஆன்லைன் தரும் வசதியைத் தவறு என்று சொல்ல முடியாது.

எந்தப் பொருளை எங்கே வாங்கலாம்?

மாஸ்க்: முகத்துக்கு முகம் மாறும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்தால் அது விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையைப் படம் பார்த்துச் செய்ய முடியாது. எனவே முதல் மாஸ்க்கை நேரில் போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது. நீச்சல் கண்ணாடி இதற்கு மாற்று அல்ல. அது மூக்கை மூடாததால் ஆழத்தில் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, கண்ணைப் பாதிக்கும். ஆன்லைனில் பிரபலமான, முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கெல் மாஸ்க் நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பதற்கானது. அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூபா செய்யக் கூடாது.

கால் துடுப்பு, வெட்சூட்: அளவு தெரிந்துவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். பயிற்சியின்போது வாடகைக்குப் போட்டதில் எந்த அளவு பொருந்தியது என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்நார்க்கெல், டார்ச், பை, கையுறை: விலை பார்த்து எங்கேயும் வாங்கலாம். டார்ச் எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்பதை மட்டும் பாருங்கள்.

டைவ் கம்ப்யூட்டர்: ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா, பேட்டரியை நாமே மாற்றலாமா என்று கேட்ட பிறகு. பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் புகுந்து கருவி வீணாகிவிடும்.

ரெகுலேட்டர், பி.சி.டி.: இவை உயிர் காக்கும் கருவிகள். விற்பவரே சர்வீஸும் செய்து தருவாரா என்பதுதான் முதல் கேள்வி. ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டும் இணைப்பில் 'யோக்', 'டின்' என 2 வகை உண்டு. உங்கள் பயிற்சி மையத்தின் சிலிண்டர் எந்த வகை என்று கேட்காமல் ஆர்டர் போட்டால், கடற்கரையில் போய் மாட்டும்போதுதான் பொருந்தவில்லை என்று தெரியும்.

சிலிண்டர் மட்டும் ஏன் தனிக் கதை?

சிலிண்டரை ஆன்லைனில் தேடவே வேண்டாம். உயர் அழுத்த சிலிண்டர்கள் இந்தியாவில் 2016-ம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன. பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. இறக்குமதி செய்வதற்கும் காற்று நிரப்புவதற்கும் அனுமதி தேவை. குறிப்பிட்ட கால இடைவெளியில் அழுத்தச் சோதனை செய்து, அந்தத் தேதியைச் சிலிண்டரிலேயே பொறிக்க வேண்டும்.

சரி, எப்படியோ ஒரு சிலிண்டர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காற்றை எங்கே நிரப்புவது? பஞ்சர் கடை கம்ப்ரஸர் இதற்கு உதவாது. அதன் அழுத்தம் போதாது என்பது ஒரு பக்கம். அதில் வரும் எண்ணெய்ப் புகையும் அசுத்தமும் பெரிய ஆபத்து. தரையில் லேசாகத் தெரியும் கார்பன் மோனாக்சைடுகூட ஆழத்தின் அழுத்தத்தில் உயிருக்கு உலை வைக்கும். சுவாசத்துக்கான காற்றை வடிகட்டி நிரப்பும் கம்ப்ரஸர் டைவ் மையத்தில்தான் இருக்கும். ஆன்லைனில் எதை வாங்கினாலும், காற்றுக்கு அங்கேதான் போயாக வேண்டும்.

வாரண்டி, சர்வீஸ்: மறைந்திருக்கும் செலவு

ஒரு ரெகுலேட்டர் கடையில் 48,000 ரூபாய், ஆன்லைனில் 40,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய் மிச்சம். ஆனால் ரெகுலேட்டரை நிறுவனத்தைப் பொறுத்து 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, உதிரிபாகம் மாற்றி, சர்வீஸ் செய்ய வேண்டும்.

பல முன்னணி நிறுவனங்கள் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கினால்தான் வாரண்டி தருகின்றன. மற்ற வழியில் வந்த பொருளுக்கு உதிரிபாகத்தையும் சர்வீஸையும் நாமே தேடி அலைய வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதென்றால், 2 சர்வீஸிலேயே அந்த 8,000 ரூபாய் கரைந்துவிடலாம்.

பழைய கருவிகளை ஆன்லைனில் வாங்குவதில் இன்னும் கவனம் தேவை. உப்பு நீரில் பயன்படுத்தி, நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்த ரெகுலேட்டர் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கும். டெக்னீஷியன் பிரித்துப் பார்க்காமல் அதைக் கடலுக்குள் கொண்டுபோகக் கூடாது.

செல்போன் கடைகளின் சண்டை இங்கேயும் வருமா?

ஆன்லைன் எதிர் கடை என்ற மோதல் புதிதல்ல. அமேசான், ஃபிளிப்கார்ட் நிறுவனங்கள் செல்போன் விற்பனையில் சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தருகின்றன, அதீதத் தள்ளுபடியால் சந்தையைக் கெடுக்கின்றன என்று டெல்லி வியாபார் மகாசங்கம் புகார் கொடுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றச்சாட்டுகளை அந்த நிறுவனங்கள் மறுக்கின்றன.

செல்போன் கடை ஒன்று மூடினால், வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போவார். டைவ் மையம் மூடினால் கதை வேறு. அதோடு கம்ப்ரஸர் போகும், டெக்னீஷியன் போவார், கடலை அறிந்த பயிற்சியாளரும் போவார். அருகில் வேறு மையம் இல்லையென்றால், ஆன்லைனில் வாங்கிய கருவி பரணில்தான் இருக்கும்.

கடையில் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டு, 5 மாஸ்க் போட்டுப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று ஆன்லைனில் ஆர்டர் போடுவது சட்டப்படி தவறில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கான செலவை யாரோ ஒருவர் ஏற்கிறார் என்பதை மறுக்க முடியாது. கடைக்காரர்களும் 'எங்களிடமே வாங்குங்கள்' என்று உரிமை கொண்டாடுவதைவிட, அளவு பார்க்க, சரிபார்க்க, சர்வீஸ் செய்ய எவ்வளவு கட்டணம் என்று வெளிப்படையாக எழுதிவைத்தால், வெளியே வாங்கியவரும் தயங்காமல் வருவார். இருவருக்கும் அதில் நஷ்டம் இல்லை.

ஏமாந்தால் எங்கே போவது?

2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆன்லைன் தளம் விற்பனையாளரின் விவரத்தையும் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்ட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 1 மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

கடைக்கும் சட்டம் உண்டு. பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்கள். "பில் இல்லாம வாங்கினா 1,000 ரூபாய் கம்மி பண்றேன்" என்றால், இந்த உரிமையை நிரூபிக்கும் ஆதாரத்தை 1,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

விற்பவர் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். வெளிநாட்டு இணையதளத்திடம் இதையெல்லாம் நடைமுறையில் நிறைவேற்றுவது கஷ்டம்.

எதை முதலில் வாங்கலாம்?

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் கடலில் இறங்குபவர் முழு கிட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய கருவிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்றை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி போகிறவர் அடுத்ததாகத் துடுப்பு, கம்ப்யூட்டர், கடைசியாக ரெகுலேட்டர் என்று படிப்படியாக வாங்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை 4: இது என் உடம்புக்குப் பொருந்துகிறதா? மையத்தின் சிலிண்டரோடு சேருமா? அடுத்த வருஷம் இதை யார் சர்வீஸ் செய்வார்? பில்லில் யார் பெயர் இருக்கிறது? நாலுக்கும் பதில் கிடைத்தால் ஆன்லைனில் வாங்கினாலும் தவறில்லை. ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் அந்தக் கருவியை நம்பி கடலுக்குள் இறங்காமல் இருப்பதே நல்லது.