வானூர்தியில் குழந்தையும் நாம் சொல்லும் பொய்களும்

மருங்காபுரி, துவரங்குறிச்சி வட்டாரத்தில் ஒருவரேனும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பொருளீட்டச் செல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. ஆகவே, இடுப்பில் குழந்தையோடு வானூர்தி ஏறுவது நம் பெண்களுக்கு ஆடம்பரமன்று. பிரிந்திருக்கும் குடும்பம் சில மாதங்களாவது ஒரே கூரையின்கீழ் வாழ அதுவே வழி. புறப்படுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே வீடு பரபரப்பாகிவிடுகிறது. ஊறுகாயும் இடியாப்ப மாவும் நிறுக்கப்படுகின்றன. பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டால் எதை எடுப்பது, எதை வைப்பது என்று நள்ளிரவு வரை ஆலோசனை நடக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் இந்தப் பயணத்தைப் பற்றி என்ன சொல்வது என்று மட்டும் எவரும் ஆலோசிப்பதில்லை. அதனால்தான், வழியில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல நேர்கிறது.

அந்த வழி நீளமானது. மருங்காபுரியிலிருந்து விராலிமலை வழியாகத் திருச்சி விமான நிலையத்தை அடைய ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சார்ஜாவுக்கோ துபாய்க்கோ பறக்கும் நேரம் நான்கு மணிக்கும் சற்று அதிகம். இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பெட்டிகளுக்கான காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 10 மணி நேரம். பெரியவர்களே சலித்துப்போகும் இந்த நேரத்தில் குழந்தை அழுவதில் வியப்பேது? அது அழும்போது அருகிலிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். தாய் வெட்கத்தில் குன்றிப்போகிறாள். அந்த வெட்கத்திலிருந்து முதற்பொய் பிறக்கிறது: “அழுதால் அந்தப் போலீஸ் மாமா பிடித்துக்கொண்டு போய்விடுவார்.”

இந்தப் பொய் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். திருச்சியில் பாதுகாப்புச் சோதனை செய்வோர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர். சீருடையும் துப்பாக்கியுமாக நிற்பவர்கள். பெண்களுக்கான திரைமறைவுக்குள் தாய் நுழையும்போது, அவள் தோளிலிருக்கும் குழந்தையின் உடல்மீதும் அந்தச் சோதனைக் கருவி செல்கிறது. அரை மணி நேரத்திற்கு முன்பு ‘பிடித்துக்கொண்டு போவார்’ என்று யாரைக் காட்டினோமோ, அதே சீருடை இப்போது குழந்தையைத் தொட வருகிறது. அது அலறாமல் என்ன செய்யும்? அந்தக் காவலர் செய்த குற்றம் ஏதுமில்லை. அச்சத்தை விதைத்தவர்கள் நாம்.

இரண்டாவது பொய் இனிமையானது; ஆகையால் அதைப் பொய்யென்றே எவரும் எண்ணுவதில்லை. “விமானத்துக்குள்ளே அத்தா இருக்கிறார், வா.” பிறந்ததிலிருந்து கைபேசித் திரையில் மட்டுமே தந்தையைக் கண்ட குழந்தை, இந்தச் சொல்லை நம்பி ஓடிவந்து ஏறுகிறது. ஏறியபின் இருக்கை இருக்கையாகத் தேடுகிறது. அத்தா இல்லை. கைபேசியையாவது தா என்று கேட்கிறது, அதையும் அணைத்தாகிவிட்டது. பிறகு அது அழும் அழுகையைப் ‘பிடிவாதம்’ என்று நாம் பெயரிட்டு அழைக்கிறோம்.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தமது சிறுவயது நிகழ்ச்சியொன்றை அறிவித்துள்ளார்கள். அபூதாவூத் நூலில் அது இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் அவர்களது இல்லத்தில் அமர்ந்திருந்தபோது, அவருடைய தாயார், ஒன்று தருவதாகச் சொல்லி மகனை அழைத்தார். என்ன தர எண்ணினீர் என்று நபியவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் விடையளித்தார். அதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் பதிவாகியிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். நாம் ஜும்ஆ மேடைகளில் வணிகத்தில் பொய், சாட்சியத்தில் பொய் என்று நீண்ட உரைகள் கேட்டிருக்கிறோம். இந்த ஹதீஸோ ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு பேரீச்சம்பழத்தின் அளவில் நிகழ்ந்தது. ஏமாற்றப்படக்கூடாதவர் பட்டியலில் குழந்தையும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

“இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன புரியப்போகிறது?” என்று சிலர் கேட்கலாம். பல ஆண்டுகளாக மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவரும் நமக்கு இதற்கான விடை தினமும் கண்முன்னே அமர்ந்திருக்கிறது. ஐந்து வயதில் வந்து சேரும் பிள்ளைகளில் சிலர், “ஓதி முடித்தால் மிட்டாய் தருகிறேன்” என்று சொன்னதும் உடனே அலிஃப், பா என்று தொடங்கிவிடுகின்றனர். வேறு சிலர், மிட்டாயை முதலில் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பலகையின் முன் அமர்கின்றனர். அந்த ஐயத்தை அவர்கள் நம்மிடம் கற்றவர்கள் அல்லர். வீட்டிலிருந்தே கொண்டு வந்தவர்கள்.

பொய்யின்றிக் குழந்தையை அழைத்துச் செல்வது கடினமும் அன்று. புறப்படும் முன்பே நடக்கப்போவதைச் சிறு சொற்களில் சொல்லிவிடலாம். “காரில் போவோம். பெரிய கட்டிடம் வரும். ஒரு மாமி நம்மைத் தடவிப் பார்ப்பார். பிறகு விமானம். தூங்கி எழுவோம். இறங்கியதும் அத்தா நிற்பார்.” குழந்தை கதை கேட்பதில் சலிப்பதில்லை, இதையே பத்து முறை சொன்னாலும் பதினொன்றாவது முறையும் கேட்கும். விளையாட்டும் கற்பனையும் பொய்யில் சேரா. தலையணையை விமானமாக்கி வீட்டுக்குள் பறக்க விடுங்கள். எந்த மலக்கும் அதைப் பொய்யென்று எழுதமாட்டார் என்பது நமது நல்லெண்ணம்.

காது வலியைப் பற்றியும் உண்மை சொல்லலாம். விமானம் ஏறும்போதும், அதைவிட மிகுதியாக இறங்கும்போதும், அறைக்குள் காற்றழுத்தம் மாறுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகக் குறுகியது. ஆதலால் அழுத்தம் சமமாகத் தாமதமாகி வலிக்கிறது. விழுங்கும்போது அக்குழாய் திறக்கிறது. எனவே தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்தே பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும். உறங்கினாலும் எழுப்பிக் கொடுப்பது நலம். சளியோ காதுவலியோ இருந்தால் முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும். “காது கொஞ்சம் வலிக்கும், தண்ணீர் குடித்தால் சரியாகும்” என்று சொல்லப்பட்ட குழந்தைக்கும், “ஒன்றும் செய்யாது” என்று சொல்லப்பட்டு வலியை அனுபவிக்கும் குழந்தைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு வலியோடு ஏமாற்றமும் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு வயது நிறையும் வரை குழந்தை மடியில் பயணம் செய்யலாம்; அதன்பின் தனி இருக்கை வாங்க வேண்டும். போகும்போது மடியில் இருந்த குழந்தைக்குத் திரும்பும் முன் இரண்டு வயது நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்திற்கு இருக்கை தேவைப்படும். இதை அறியாமல் கடைசி நேரத்தில் தவிப்போர் உண்டு. திருமறை பாலூட்டலுக்குக் குறிப்பிடும் முழுமையான காலமும் இரண்டு ஆண்டுகளே என்பது நினைவுக்கு வருகிறது.

சிலர் குழந்தையை உறங்கவைக்க இருமல் மருந்தோ ஒவ்வாமை மருந்தோ புகட்டிவிடுகின்றனர். நோயில்லாத உடலுக்கு நமது வசதிக்காக மருந்து கொடுப்பது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். சில குழந்தைகளுக்கு அது எதிர்விளைவாக அமைதியின்மையைத் தரும். சிறு குழந்தைகளுக்கு மூச்சையே பாதிக்கவும் கூடும். அதற்குக் கைபேசியில் சேமித்துவைத்த படத்தைச் சிறிது நேரம் காட்டுவது எவ்வளவோ மேல். அதை நாம் கண்டிக்கப்போவதில்லை. “இன்னும் ஒன்றுதான்” என்று சொன்னால் இன்னும் ஒன்றோடு நிறுத்துங்கள், அவ்வளவே.

உண்மை சொல்வதென்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று பொருளன்று. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பயணிகளோடு புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக அது இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வானில் வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்து நின்றன. நம் ஊர்களில் தொலைக்காட்சி முன் அமர்ந்து துஆச் செய்யாத வீடில்லை எனலாம். அல்ஹம்துலில்லாஹ், இரவு எட்டேகால் மணியளவில் அது பாதுகாப்பாகத் தரையிறங்கியது. அத்தகைய வேளையில் மடியிலிருக்கும் குழந்தைக்கு எந்திரக் கோளாற்றை விளக்க வேண்டியதில்லை. “விமானம் சுற்றுகிறது. அம்மா உன்னைப் பிடித்திருக்கிறேன். அல்லாஹ்விடம் கேட்போம்.” இம்மூன்றும் உண்மை. குழந்தைக்கு அவ்வளவு போதும்.

இதுவரை தாய்மார்களிடமே பேசினோம். ஆனால் அவர்களைப் பொய்க்குத் தள்ளும் வெட்கத்தில் சக பயணிகளாகிய நமக்கும் பங்குண்டு. திருச்சியிலிருந்து வளைகுடா செல்லும் விமானத்தில் முன்னிருக்கையிலும் பின்னிருக்கையிலும் இருப்போர் பெரும்பாலும் நம் வட்டார மக்களே. நீட்டித் தொழ எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழுவதைக் கேட்டதும், அதன் தாய் படும் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. தொழுகையே சுருக்கப்பட்டது! நமது தூக்கம் கலைந்ததற்காக நாம் திரும்பி முறைக்கிறோம். ‘பிள்ளையை அடக்கத் தெரியாதா’ என்று முணுமுணுப்பதற்குப் பதிலாக, பையை மேலே எடுத்து வைக்க ஒருவர் எழுந்தால் போதும். தாயின் நெஞ்சில் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இறுதியாக, வருகை வாயிலில் காத்து நிற்கும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். பயணத்திலிருந்து திரும்பும் நபி (ஸல்) அவர்களைக் குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு வரவேற்பார்கள் என்றும், தம்மை அவர்கள் வாகனத்தில் முன்னால் ஏற்றிக்கொண்டார்கள் என்றும் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் நூலில் உள்ளது. அந்தச் சிறுவர்கள் அவர்களது மடியையும் மணத்தையும் அறிந்தவர்கள். உங்கள் குழந்தை அறிந்ததோ உள்ளங்கையளவு திரையில் தெரிந்த ஒரு முகத்தை. இப்போது ஆறடி உயரத்தில், தாடியும் அத்தர் மணமுமாக ஒருவர் பாய்ந்து வந்து தூக்கினால் அது வீறிட்டு அழும். அந்த அழுகை உங்களைச் சுடும் என்பதை அறிவோம். இரண்டாண்டு ஏக்கத்தோடு வந்து நிற்பவருக்கு அதைவிடப் பெரிய வலியில்லை. உடன் வந்த நண்பர்கள் “அத்தாவையே தெரியவில்லையே” என்று சிரிப்பதும் சேர்ந்துகொள்ளும். ஆயினும் குழந்தை உங்களை வெறுக்கவில்லை. அது உங்களை இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே தூக்காதீர்கள். குந்தி அமருங்கள்; உங்கள் முகம் அதன் முகத்தின் உயரத்துக்கு வரட்டும். திரையில் தினமும் அழைத்த அதே குரலில், அதே செல்லப் பெயரில் ஒரு முறை அழையுங்கள். தாயின் புர்காவைப் பிடித்துக்கொண்டே அது உங்களைப் பார்க்கட்டும். சில குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் போதும். சிலவற்றிற்கு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஊரிலிருந்து அழைப்பு வந்துவிடும்: பிள்ளையை அத்தா மடியில் வைத்துக் காணொளியில் காட்டுங்கள் என்று. இப்போது வேண்டாம், அது தானாக வந்து மடியில் அமரும்போது காட்டுகிறோம் என்று சொல்லுங்கள். அது அமர்ந்த அன்று மறவாமல் அழைத்துக் காட்டுங்கள்.