செத்தது கேரக்டர், அழுவது நம் பிள்ளை



"சனிக்கிழமை கேம் விளையாடிட்டு வந்த பையன் சோறு வேண்டாம்னு படுத்துட்டான். கேட்டா, 'என் கேரக்டர் செத்துப் போச்சும்மா'ங்கிறான். இதுக்கெல்லாமா அழுவாங்க?" கிள்ளான் வாசகி ஒருவர் போனில் கேட்டார்.

அழுவார்கள். அழட்டுமே!

அவன் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். 'டிஎம்' என்கிற டன்ஜன் மாஸ்டர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசுவார்கள். சண்டை வந்தால் பகடைதான் தீர்ப்பு.

நம் தாயத்தில் காய் வெட்டுப்பட்டால் மறுபடி தாயம் போட்டு இறக்கிவிடலாம். காய்க்குப் பெயரில்லை. இங்கே செத்தது, பிள்ளை மாதக்கணக்கில் பெயர் வைத்து, குரல் கொடுத்து வளர்த்த ஆள்.

சாவும் சட்டென்று வராது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், உயிர்ப் புள்ளி பூஜ்யமானால் ஆள் மயங்கி விழுவார். அதன்பின் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பின் பக்கம் ஒரு கோடு. குறைந்தால் சாவின் பக்கம். எந்தப் பக்கம் முதலில் மூன்று சேர்கிறதோ, அதுதான் முடிவு. மூன்றாவது உருட்டலில் பகடை தே தாரேக் கிளாஸுக்கு அடியில் போய் நின்றால், மொத்த மேசையும் குனிந்து பார்க்கும். நண்பன் ஓடிவந்து மருந்து கொடுத்தால் தப்பலாம். ஓடி வருவானா? அங்கேதான் நட்பும் தெரியும், பகையும் தெரியும்!

சில டிஎம்கள் பாவம் பார்த்து, தங்கள் முன்னால் நிறுத்திய அட்டைத் திரைக்குப் பின்னால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் எந்தச் சண்டையிலும் பயமிருக்காது, ருசியும் இருக்காது. ஆபத்தை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். சக்கர வியூகத்துக்குள் நுழையத்தான் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று தருமரிடம் சொல்லிவிட்டுத்தானே அபிமன்யு போனான்?

இதற்காகவே ஆட்டம் தொடங்கும் முன் 'செஷன் ஜீரோ' என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தக் கதையில் சாவு உண்டா? தோற்றால் சிறைப்பிடிப்பதோடு விட்டுவிடலாமா? ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ்-கார்டும் இருக்கிறது. மேசை நடுவே 'எக்ஸ்' எழுதிய அட்டை. மனசு தாங்காதபோது அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிடுவார்கள். தாத்தாவின் கருமக்கிரியை இப்போதுதான் முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தேவை!

1980-களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இது பேய் வழிபாடு என்று பயந்தார்கள். நம் வீட்டுப் பயம் வேறு: எஸ்பிஎம் தேர்வு வருஷத்தில் இதெல்லாம் தேவையா? படிப்புக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அழுகிற பிள்ளையிடம் "வெறும் விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படிச் செத்தான், யாரைக் காப்பாற்றப் போனான் என்று கேளுங்கள். நல்ல கதை கிடைக்கும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் பிள்ளை விளையாடும் மேசையில் ஒருநாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள்.