ஜேம்ஸ் பாண்டுக்கும் வருணாசிரமமா?

விக்கிரமங்கலம் பக்கத்தில் நாம் பேசப் போகும் இடங்களிலெல்லாம், கூட்டம் முடிந்த பிறகு வாலிபர்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பது வழக்கம். கடவுள் உண்டா, பேய் உண்டா, ஜோசியம் பலிக்குமா என்கிற கேள்விகளுக்கு நடுவே இப்போது ஒரு புதுக் கேள்வியும் வருகிறது. "ஜேம்ஸ் பாண்டு வேஷத்துக்கு ஒரு கறுப்பரைப் போடலாம் என்கிறார்களே, அது முறையா?" என்பதே அக்கேள்வி.

அரியலூரில் பஸ் ஏறி வந்து இறங்குகிற ஓர் ஊரில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்து சர்க்காரின் ஒற்றனாக யார் நடிக்கலாம், யார் நடிக்கக்கூடாது என்று நமது வாலிபர்கள் கவலைப்படுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். ஜேம்ஸ் பாண்டு நமக்கு மாமனா மச்சானா என்றும் கேட்கலாம். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில் இது சினிமாக் கேள்வியாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது நமது பழைய கேள்விதான். ஒரு காரியத்தைச் செய்ய மனிதனுக்கு வேண்டியது தகுதியா, அல்லது பிறப்பா என்பதுதான் அது.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுவோம். ஐயன் பிளெமிங் என்ற இங்கிலீஷ்காரர் 1953-ல் வெளியிட்ட ஒரு கதையில் தோன்றிய ஒற்றன்தான் ஜேம்ஸ் பாண்டு. 1962-ல் முதல் சினிமா வந்தது. அந்தக் கம்பெனியார் 2021 வரை 25 படங்கள் எடுத்தார்கள். சான் கானரி, ஜார்ஜ் லேசன்பி, ரோஜர் மூர், திமோதி டால்டன், பியர்ஸ் பிராஸ்னன், டேனியல் கிரெய்க் என்று ஆறு பேர் அந்த வேஷத்தைப் போட்டார்கள். 2021-ல் வந்த படத்தில் பாண்டு செத்தே போகிறார். ஆனாலும் படம் முடிந்ததும் பாண்டு திரும்ப வருவார் என்று எழுத்துப் போட்டார்கள். நமது புராணிகர்கள்கூட மறுபிறவிக்கு இவ்வளவு பச்சையாக விளம்பரம் செய்ததில்லை! கிரெய்க் விலகியதும் நாற்காலி காலியாயிற்று. 2025 பிப்ரவரியில் படங்களின் அதிகாரம் அமெசான் கம்பெனியின் கைக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜூன் மாதத்தில் டெனி வில்நெவ் என்பவரை டைரக்டராக நியமித்ததாக அறிவித்தார்கள். அடுத்த பாண்டு யார் என்ற பேச்சு உலகமெங்கும் நடந்தது. அந்தப் பேச்சில்தான் "பாண்டு வெள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும், எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்" என்ற கூச்சலும் கிளம்பியது.

எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்! இந்த வார்த்தையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? மனுவில் எழுதியிருக்கிறது, ஆகமத்தில் எழுதியிருக்கிறது, சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்லித்தானே இந்த நாட்டில் ஒருவன் கையில் மணியையும், ஒருவன் கையில் மண்வெட்டியையும், ஒருவன் கையில் மலச்சட்டியையும் கொடுத்தார்கள்! ஆகவே அந்த "எழுத்து" எவ்வளவு உறுதியானது என்று கொஞ்சம் பார்ப்போம்.

ஜேம்ஸ் பாண்டு என்ற பெயரே இரவல். மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஓர் அமெரிக்கரின் பெயரைப் பிளெமிங் எடுத்துத் தம் ஒற்றனுக்கு வைத்தார். அவர் அந்தக் கதைகளை எழுதிய வீடு இருந்தது, கறுப்பு மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஜமைக்காத் தீவில். போகட்டும், நடித்தவர்களாவது அசல் இங்கிலீஷ்காரர்களா என்றால் அதுவும் இல்லை. ஆறு பேரில் கானரி ஸ்காட்லாந்துக்காரர். லேசன்பி ஆஸ்திரேலியாக்காரர், கார் விற்றவர், விளம்பரப் படங்களுக்கு நின்றவர். டால்டன் பிறந்தது வேல்ஸ். பிராஸ்னன் பிறந்தது, இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற அயர்லாந்து. இங்கிலாந்தில் பிறந்தவர்கள் மூரும் கிரெய்க்கும் ஆகிய இருவரே. ஐரிஷ்காரர் இங்கிலீஷ் ராஜாங்கத்தின் ஒற்றனாக வந்தபோது "எழுதினவர் அப்படி எழுதவில்லையே" என்று யாரும் கொடி பிடித்ததாக நமக்குத் தெரியவில்லை. ஆனால் 2005-ல் கிரெய்க்கை நியமித்தபோது, அவர் தலைமயிர் பொன்னிறமாக இருக்கிறது என்று ஒரு கூட்டத்தார் படத்தைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். மறுவருஷம் படம் வந்தது, பிரமாதமாக ஓடிற்று, கூச்சல் அடங்கிற்று. தலைமயிரில் இருந்த சாஸ்திரம் வசூலில் கரைந்துபோயிற்று!

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. முதல் பாண்டான கானரி பெரிய வீட்டுப் பிள்ளையல்ல. எடின்பரோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பால் வண்டி ஓட்டியவர். சவப்பெட்டிக்கு மெருகு போட்டுப் பிழைத்தவர். அவரைப் பார்த்ததும் பிளெமிங்குக்குத் திருப்தி ஏற்படவில்லை. தாம் எழுதிய சீமானுக்கும் இந்தப் பால்காரருக்கும் என்ன பொருத்தம் என்று எண்ணினார். படம் வந்து உலகமே கைதட்டிய பிறகு அதே பிளெமிங் என்ன செய்தார்? 1964-ல் வெளியிட்ட கதையில், ஜேம்ஸ் பாண்டின் தகப்பனார் ஸ்காட்லாந்துக்காரர் என்று எழுதிவிட்டார்! அதாவது, நடிகனின் பிறப்பு வேஷத்துக்குப் பொருந்தவில்லை என்றிருந்தவர், வேஷத்தின் பிறப்பையே நடிகனுக்குப் பொருந்தும்படி மாற்றிக்கொண்டார்.

தோழர்களே! இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பைப் பார்த்து இடம் கொடுப்பதாகச் சொல்லுவார்கள். ஆனால் ஒருவன் பலத்தால் இடத்தைப் பிடித்துவிட்டால், அதற்கேற்ற பிறப்பைப் பிற்பாடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வம்ச சரித்திரம் என்பது எங்கும் பின்னால் எழுதப்படுவதே.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. சிவாஜி என்ற மராத்தியர் கோட்டைகளைப் பிடித்தார், படைகளை நடத்தினார், ஒரு ராஜ்யத்தையே உண்டாக்கினார். முடிசூட்டிக்கொள்ள வேண்டும் என்றபோது, அவர் க்ஷத்திரியர் அல்லர், சூத்திரர், சூத்திரருக்குப் பட்டாபிஷேகம் கிடையாது என்று அந்நாட்டுப் பார்ப்பனப் புரோகிதர்கள் மறுத்தார்கள். பிறகு காசியிலிருந்து காகபட்டர் வந்தார். சிவாஜியின் வம்சம் ரஜபுத்திர வம்சம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. பூணூல் போடப்பட்டது, தட்சிணை குவிந்தது, 1674-ல் முடிசூட்டு நடந்தது. நேற்று வரை சூத்திரராயிருந்தவர் ஏட்டில் நாலு வரி எழுதியதும் க்ஷத்திரியர் ஆகிவிட்டார்! பிளெமிங் செய்ததும் காகபட்டர் செய்ததும் ஒரே வேலைதான். பிளெமிங் அதைக் கதை என்று சொல்லி விற்றார். காகபட்டர் அதைத் தர்மம் என்று சொல்லித் தட்சிணை வாங்கினார். யார் யோக்கியர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சரித்திரத்தை வைத்து அண்ணாதுரை "சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்" என்ற நாடகத்தை எழுதினார். சிவாஜி வேஷத்துக்கு முதலில் எம். ஜி. இராமச்சந்திரனை எண்ணியிருந்தார்கள், அது நடவாமற்போகவே, நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் போட்டுப் பழகிய வி. சி. கணேசன் என்ற வாலிபரிடம் வசனத்தைக் கொடுத்தார்கள். அவர் மராத்தியர் அல்லர். ராஜ வம்சத்தவர் அல்லர். குதிரைப்படை நடத்தியவரும் அல்லர். வசனத்தைப் படித்தார், பேசிக் காட்டினார், வேஷம் அவருக்குக் கிடைத்தது. அண்ணாதுரையே காகபட்டராக நடித்தார். 1946-ல் அந்த நடிப்பைப் பார்த்த பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைத்தார். அன்று முதல் அவர் சிவாஜி கணேசன். அசல் சிவாஜிக்குப் பட்டம் கிடைக்கப் பொய் வம்சம் தேவைப்பட்டது. நாடகச் சிவாஜிக்குப் பட்டம் கிடைக்க நடிப்புத் திறமை மட்டுமே போதுமானதாயிருந்தது. வருணாசிரம உலகத்துக்கும் சுயமரியாதை உலகத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

நிற்க, "அப்படியானால் எவன் எந்த வேஷம் வேண்டுமானாலும் போடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். போடலாம் என்பதை அவர்களே வெகுகாலமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், வேஷம் கீழே இருக்கும்போது மட்டும்! 1962-ல் வந்த முதல் படத்தில் பாதிச் சீனனான வில்லனாக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். 1967-ல் கானரிக்கே மை தீட்டி ஜப்பானியர் ஆக்கினார்கள். 1983-ல் வந்த "ஆக்டோபஸி"யை உதயப்பூரில் வந்து எடுத்தார்கள். அதில் வரும் ஆப்கான் இளவரசராக நடித்தவர் லூயி ஜூர்டான் என்ற பிரெஞ்சுக்காரர். நமது சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜுக்குக் கிடைத்தது பாண்டுக்கு உதவி செய்யும் ஆள் வேஷம். அவரும் பாதியில் கொல்லப்படுகிறார். கதை இந்தியாவில் நடந்தாலும், பாம்பாட்டியும் ஆணிப்படுக்கைச் சாமியாரும்தான் இந்தியா என்று காட்டினார்கள். இந்த மூடத்தனத்தைப் பெருமை என்று நாம் கட்டிக்கொண்டு அழுவதால்தானே அவன் அதைப் படம்பிடித்துக் காசாக்கினான்!

ஆகவே, வெள்ளையர் சீனராகலாம், ஜப்பானியராகலாம், ஆப்கானியராகலாம். அப்போதெல்லாம் அது கலை, திறமை, நடிப்பு. இட்ரிஸ் எல்பா என்ற கறுப்பு நடிகர் பாண்டு ஆகலாமா என்றதும் அது அக்கிரமம், அபசாரம்! பாண்டு கதை எழுத நியமிக்கப்பட்ட ஓர் ஆசிரியர், எல்பாவிடம் தெருத்தனம் அதிகம் என்று 2015-ல் சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தெருவைப் பற்றி நமக்குத் தெரியாதா? 1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டமே, கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கலாமா என்பதற்காகத்தானே! அங்கே தெருவில் நடக்காதே என்றார்கள். இங்கே தெருவிலிருந்து வந்தவனே, மேடையேறாதே என்கிறார்கள்.

நமது யோக்கியதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1935-ல் "பக்த நந்தனார்" படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்ற பெண்மணி. அதற்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 1942-ல் வந்த படத்தில் அதே வேஷத்தைத் தண்டபாணி தேசிகர் போட்டார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் வேஷத்தை மற்றவர்கள் போட்டால் ஊரே கண்ணீர் விட்டுக் காசு கொடுக்கும். அந்த ஒதுக்கப்பட்டவரே கருவறைக்குள் போய் அர்ச்சகர் வேலை பார்க்கிறேன் என்றால் ஆகமம் ஓடி வரும்! பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கி 1970-ல் சட்டம் செய்தார்கள். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தை ஒப்புக்கொண்டும், ஆகமம் என்ற முட்டுக்கட்டை நீங்கவில்லை. 2006-ல் மறுபடியும் உத்தரவு பிறந்து, பயிற்சிப் பள்ளிகள் ஏற்பட்டு, பல ஜாதி வாலிபர்கள் மந்திரத்தைப் படித்துத் தேறிக் காத்துக்கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் அவ்விதம் படித்தவர்களில் 24 பேருக்கு ஒரே சமயத்தில் வேலை கிடைத்தது. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மந்திரம் சொல்லும் வேலைக்கும் படிப்புதான் யோக்கியதையே தவிர, தாய் வயிறு யோக்கியதை அல்ல என்பதில் நமக்குச் சந்தேகமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாண்டு வேஷம் ஏதோ மோட்ச பதவி என்று நாம் சொல்ல வரவில்லை. ராஜாங்கத்தின் பேரால் கொலை செய்ய அனுமதி பெற்றவன், பெண்களைப் போகப் பொருளாக நடத்துகிறவன், அவன்தான் அந்தக் கதாநாயகன். கறுப்பர் ஒருவர் அதைப் போட்டுவிட்டால் உலகில் சமத்துவம் வந்துவிடாது. ஆனால் வேஷம் நல்லதா கெட்டதா என்பது வேறு. அதைப் போட ஒருவனுக்குப் பிறப்பால் உரிமை இல்லை என்பது வேறு. முன்னதை விவாதிக்கலாம், பின்னதை ஒரு கணமும் ஒப்புக்கொள்ளக்கூடாது. கோயிலுக்கே போகாத நாம், கோயில் நுழைவுக்குப் போராடிய காரணமும் இதுதான்.

கடைசியாக, நம்மைக் கேள்வி கேட்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. "கறுப்பனுக்கு என்ன ஜேம்ஸ் பாண்டு?" என்று கேட்கிற தம்பியே! கேட்கிற உன் நிறம் என்ன? முந்திரிக் காட்டு வெயிலிலும், சிமெண்டுச் சுண்ணாம்புத் தூசியிலும் பாடுபட்டு வளர்ந்த நமது தோலைக் கண்ணாடியில் ஒருதரம் பார். வெள்ளைத் தோலே வீரம், வெள்ளைத் தோலே அழகு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், தமிழ்ப் படத்துக்கே கதாநாயகியைத் தேடி வடக்கே ரயில் ஏறுகிறார்கள். அவர்கள் கணக்குப்படி நீயும் நானும் உன் அக்காளும் தங்கையும் கூட்டத்தில் நிற்கும் வேஷத்துக்குத்தான் லாயக்கு. அந்தக் கணக்கை நீயே எழுந்து நின்று ஆதரிக்கலாமா?

சீமை வேஷத்தைச் சீமைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உன் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டும் வேஷம் யாருக்கு? முதல் மரியாதை வாங்கும் வேஷம் யாருக்கு? பறையடிக்கும் வேஷமும், சாவுச் செய்தி சொல்ல ஓடும் வேஷமும் யார் தலையில்? இவற்றை யார், எந்தப் பரீட்சை வைத்து, என்ன தகுதி பார்த்துப் பங்கிட்டார்கள்? இந்தக் கேள்வியை அடுத்த திருவிழாக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கேள். "தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்" என்று பதில் சொன்னால், தாத்தாவின் பிறப்பை எழுதிய காகபட்டர் யார் என்று கேள். வேஷம் போட்டவன் எவனும் மனிதன். வேஷத்தைக் கலைத்தால் எல்லோரும் மனிதர்கள். இதை ஒப்புக்கொள்ளாத எழுத்து எந்தப் புத்தகத்தில் இருந்தாலும், அடித்துத் திருத்த வேண்டியது அந்த எழுத்தைத்தான்.