வருஷத்துக்கு ஒரு புதுப் பாட்டு

டிசம்பர் வந்தால் நம் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கேரல் ஆராதனை நடக்கும். ஒன்பது வேத பாடங்கள், நடுநடுவே பாடகர் குழுவின் பாட்டு, கடைசியில் மெழுகுவர்த்தி. இந்த ஒன்பது பாட ஆராதனை 1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரத்தில் ஆரம்பித்தது. 1918-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. 1928-ல் பி.பி.சி. அதை வானொலியில் ஒலிபரப்பியது. அப்புறம் உலகம் முழுக்கப் பரவி, நம் ராமநாதபுரம் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல விஷயம் எந்த ஊரில் இருந்து வந்தால் என்ன?

என் வருத்தம் வேறு. அவர்களிடம் இருந்து பாட்டை வாங்கிக்கொண்ட நாம், பாட்டு உண்டாக்கும் பழக்கத்தை வாங்கவே இல்லை.

கிங்ஸ் கல்லூரியில் 1983 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. இசை இயக்குநராக இருந்த ஸ்டீபன் கிளியோபரி தொடங்கி வைத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும், இன்று உயிரோடு இருக்கிற ஓர் இசையமைப்பாளரிடம் சொல்லி ஒரு புதிய கேரல் எழுதி வாங்குவார்கள். 1985-ல் ஜூடித் வியர் எழுதினார். 1987-ல் ஜான் ரட்டர். 1990-ல் எழுதியவர் ஆர்வோ பேர்ட், எஸ்தோனியாக்காரர். ஆங்கிலிக்கனும் இல்லை, ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர். எழுதித் தந்ததும் ஆங்கிலத்தில் இல்லை, பழைய சிலாவிய சபை மொழியில்! ஆங்கிலேயப் பாரம்பரியத்தின் இதயம் என்று சொல்லப்படுகிற இடமே இப்படிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சால்ஸ்பரி பேராலயம் 1991-ல் சிறுமிகளுக்கென்று தனிப் பாடகர் குழுவைத் தொடங்கியது. பல நூற்றாண்டுகளாகச் சிறுவர்கள் மட்டுமே பாடிய இடம் அது. ஆக, நாம் 'மாறாத பழமை' என்று நினைத்துக்கொண்டு பாதுகாக்கிற பாரம்பரியம் அங்கே வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது? ரட்டரின் ஏதாவது ஒரு கேரல் ஜெராக்ஸ் தாளில் வரும். (அவர் உயிரோடு இருக்கிறார், காப்புரிமையும் உயிரோடு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை!) இரண்டு மாதம் உட்கார்ந்து, ஆங்கில உச்சரிப்போடு மல்லுக்கட்டி, ஒரே ஒரு நாள் பாடிவிட்டு மூட்டை கட்டி வைத்துவிடுவோம். மீதி ஐம்பது ஞாயிறும் பாமாலை, கீர்த்தனை. இப்போது அதற்கும் போட்டியாக கீபோர்டும் கரோக்கே டிராக்கும் வந்துவிட்டன. பட்டனைத் தட்டினால் தாளம், வயலின், கோரஸ் எல்லாம் கொட்டுகிறது. அப்புறம் பாடகர் குழு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் குழுவுக்கென்று தமிழில் புதிதாக எதுவும் எழுதித் தராமல், அவர்கள் ஏன் நிற்கவேண்டும் என்று எப்படிச் சொல்வது?

நம் திருமண்டலத்தின் கதையே ஒரு கலவைக் கதைதான். ராமநாதபுரம் சீமையில் 19-ம் நூற்றாண்டில் வேலை செய்தது எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன். மதுரையில் அமெரிக்க மிஷன். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டும் ஒன்றாகி மதுரை ராமநாதபுரம் திருமண்டலம் ஆயின. முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து சபையில் இருந்து வந்தவர். பாட்டும் அப்படியே கலந்தது. ஆங்கிலிக்கன் பக்கத்தில் இருந்து சங்கீதங்களை ஓதிப் பாடும் முறை. அமெரிக்கர்கள் பக்கத்தில் எட்வர்ட் வெப் 1853-ல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பு. அதில் நிறைய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள். சாஸ்திரியார் யாருடைய மாணவர்? சுவார்ட்ஸ் ஐயருடைய மாணவர். அப்துல் கலாம் படித்த ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் பெயர் தந்த அதே சுவார்ட்ஸ்தான். அந்தக் காலத்தில் சாஸ்திரியார் எழுதியது 'புதுப் பாட்டு'. அதை நாம் மறந்துவிடுகிறோம்.

'தமிழுக்கு நாலு குரல் இசை ஒத்துவராது' என்று சொல்பவர்கள் உண்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒதுக்கித் தள்ள முடியாது.

முதல் சிக்கல் சொல். ஆங்கிலப் பாட்டு அழுத்தத்தில் நடக்கிறது, தமிழ் குறில் நெடிலில் நடக்கிறது. ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் நீட்டக்கூடாத இடத்தில் நீட்டவேண்டி வரும். 'மனம்' என்று எழுதியிருக்கும், காதில் 'மானம்' என்று விழும். 'பலம்' பாலமாகிவிடும். பாமாலையில் பல பாடல்கள் அர்த்தம் புரியாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆனால் இது மொழிபெயர்ப்பின் குறை. முதலில் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு அப்புறம் இசை எழுதினால் இந்தப் பிரச்சனையே வராது.

இரண்டாவது சிக்கல் ராகம். சங்கராபரணம் என்றால் மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான், கார்டு போட்டால் உட்கார்ந்துவிடும். மாயாமாளவகௌளையில் ச-க-ப சேர்த்துப் பாடினால் நன்றாக இருக்கும், ப-நி-ரி என்று போனால் ரிஷபம் கீழே இறங்கி நிற்பதால் கார்டு நொண்டும். அதற்காக விட்டுவிட வேண்டுமா? ஒரு குரல் பாட, இன்னொரு குரல் சுருதியில் நிற்கலாம். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறார்களே, அதுபோல. மேலே சொன்ன ஆர்வோ பேர்ட்டின் புகழ்பெற்ற பாணியே ஏறக்குறைய இதுதான். ஒரு குரல் படிப்படியாக நடக்கும், இன்னொரு குரல் ஆதாரக் கார்டின் மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றும். உலகமே வியக்கிற 'நவீன' இசை நம் ஒத்து நாயனத்துக்குப் பக்கத்து வீடு!

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். எம்.பி. சீனிவாசன் (1925–1988) மெட்ராஸ் யூத் கொயரை வைத்துக்கொண்டு பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார். பாரதியின் ஒரு சொல்லும் சிதையவில்லை. இளையராஜா 2005-ல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு செய்தார். அதற்கு முன்னின்று உழைத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஜெகத் கஸ்பார் ராஜ். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் தேவர் சூரியசேனா ஆங்கிலிக்கன் நற்கருணை ஆராதனைக்குச் சிங்கள மெட்டில் இசையமைத்தார். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது. எனக்கு இதுதான் கனமானது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பறட்டை அண்ணன்' என்று எல்லோரும் அழைத்தவர், கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் இரண்டுமே கிராமத்து ஏழைகளை வாயடைத்து உட்கார வைக்கின்றன என்று வாதாடினார். நாட்டுப்புற மெட்டில் முழு ஆராதனை முறையையே எழுதினார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பாட்டு என்பது பாடுகிறவன் மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கேட்பார் என்று நினைக்கிற கேள்வி இது: பன்னிரண்டு பேர் அங்கி போட்டுக்கொண்டு பாட, இருநூறு பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழிபாடா, கச்சேரியா?

என் பதில் இதுதான். அந்தக் கேள்வியை வாசலில் நிறுத்தாமல் பாட்டுக்குள்ளேயே கொண்டுவருவோம். நம் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எப்படி இருக்கும்? ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிக் கொடுப்பார்கள். இங்கிலாந்துப் பேராலயத்திலும் குழுவை இரண்டு வரிசையாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று மாறி மாறிப் பாடுவார்கள். இரண்டையும் சேர்த்தால் குழு எடுத்துக் கொடுக்கும், சபை திருப்பிக் கொடுக்கும். அப்போது யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நம் நிலைமையையும் பார்த்துத்தான் எழுதவேண்டும். எட்டுப் பகுதியாகப் பிரிகிற பேராலய இசை நமக்கு வேண்டாம். இங்கே டெனர் பாடுகிறவன் கல்லூரி முடித்ததும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவான். பேஸ் பாடுகிற அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி இருக்கும். பெண் குரலுக்கு இரண்டு வரி, ஆண் குரலுக்கு ஒரே வரி, அது இல்லாவிட்டாலும் நிற்கிற மாதிரி இசை. இது தரக்குறைவு இல்லை. இங்கிலாந்திலும் கிராமத்துச் சிறு குழுக்களுக்கென்றே இப்படி எழுதி அச்சிடுகிறார்கள்.

வார்த்தைக்கும் பஞ்சமில்லை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்ற தமிழ்க் கவிஞர். அவருடைய இரட்சணிய யாத்திரிகமும் இரட்சணிய மனோகரமும் புத்தக அலமாரியில் தூங்குகின்றன. எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆகிவிட்டால் நம் சட்டப்படி காப்புரிமை இல்லை. கிருஷ்ணபிள்ளையும் சாஸ்திரியாரும் நமக்கு இலவசம்!

மிச்சம் இருப்பது பணம். பி.காம். படிக்கிறவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது :-) நாற்பது சேகரங்கள், ஆளுக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய். ஒரு இளம் இசையமைப்பாளருக்கு மரியாதையான தொகை. நாற்பது ஆலயங்களிலும் அந்தப் பாட்டைப் பாடலாம், ஜெராக்ஸ் குற்ற உணர்ச்சியும் இல்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மதிப்பு வருஷா வருஷம் தேயும். பாட்டுக்குத் தேய்மானக் கணக்கு கிடையாது. சாஸ்திரியார் பாட்டு இருநூறு வருஷமாக ஓடவில்லையா?

வருஷத்துக்கு ஒன்று என்றால் பத்து வருஷத்தில் பத்துப் பாட்டு. அதில் ஏழு மறக்கப்படலாம், பரவாயில்லை. கிங்ஸ் கல்லூரி எழுதி வாங்கியவற்றிலும் எல்லாமே நிலைக்கவில்லை. மூன்று நின்றால்கூட, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பாடகர் குழுவில் சேர அதுவே காரணமாக இருக்கும். அதைக்கூடச் செய்யாமல், 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொயருக்கு வருவதில்லை' என்று சேகர கமிட்டியில் பேசுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.